சந்தேகத்தின் பலன் யாருக்கு?

நீதிமன்றில் நிற்கும் எதிரிக்குச் சந்தேகத்தின் பலன் உரியது என்பது சட்டம் பயிலாதவரும் அறிந்த நியதி. குற்றம் ஐயந்திரிபற நிரூபிக்கப்படும்வரை அவன் குற்றமற்றவனாகவே கொள்ளப்படுவான். ஒரு மனிதனின் உயிரும் உரிமையும் தராசிலே கிடப்பதனால் அந்நியதி நியாயமானதே. ஆயின் எதிரிக்கூண்டில் நிற்பது மனிதனாக அன்றி ஒரு போத்தல் திரவமாக இருக்குமிடத்து, அதே சலுகையை அத்திரவத்துக்கும் வழங்குதல் தகுமா? தகும் என்பாரும் உளர். தகாது என்பாரும் உளர். தகும் என்பார் தம்மை அறியாமலே அவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதே உண்மை. களைகொல்லி ஒன்று கருவிலிருக்கும் சிசுவைத் தாக்குமெனச் சோதனைக்கூடத்துச் சுண்டெலிகள் காட்டியபின்னரும், "மனிதரில் நிரூபிக்கப்படவில்லை" என்ற ஒரு தொடரால் அது விடுவிக்கப்பட்ட வரலாறு உண்டு. அத்தொடரின் அறநிலை ஆராய்தற்குரியது.

திருகோணமலை என்றதும் துறைமுகமே நினைவுக்கு வருவது இயல்பு. கப்பற்படைகளும் எண்ணெய்த் தாங்கிகளும் கோணேசர் மலையும் அவ்வூரின் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. எனினும் துறைமுகத்தின் முதுகுப்புறம் ஒரு பெரிய நெல்நிலம். குளக்கோட்டனோடு மரபு இணைத்துப் பேசும் கந்தளாய்க் குளத்தின் நீர் தம்பலகாமத்து வயல்களுக்குப் பாய்கிறது. வயலிலிருந்து வடியும் நீர் தம்பலகாமக் குடாவை அடைந்து, கிண்ணியாவைக் கடந்து கொட்டியாரக் குடாவோடு கலக்கிறது. மூதூர்ப் பக்கத்தே மகாவலியும் அதே குடாவில் வந்து விழுகிறது. திருகோணமலை நகரத்துக் குழாய்களில் வரும் குடிநீருக்கும் கந்தளாய்க் குளமே முதல். ஆக, வயலும் வாய்க்காலும் அடுக்களையும் கடலும் இங்கே ஒரே நீரால் கோக்கப்பட்டுள்ளன.

இந்நிலத்தில் நெல் பெரும்பாலும் நாற்று நடப்படுவதில்லை, வீசி விதைக்கப்படுகிறது. வீசி விதைத்த வயலில் நெல்லும் புல்லும் கோரையும் ஒன்றாகவே முளைக்கும். வரிசையின்றி முளைத்த பயிரில் கையாற் களைபிடுங்கல் கடினம். ஆகவே விதைத்த சில வாரங்களுக்குள் "மருந்தடித்தல்" நிகழ்கிறது. உழவர் வாயில் அது நஞ்சன்று, மருந்து என்பதும் கவனிக்கத்தக்கது. புரோப்பனில், எம்.சி.பி.ஏ. போன்றவை இந்நாட்டு நெல்வயல்களில் நெடுங்காலம் பழகிய பெயர்கள். ஆண்கள் தெளிகருவியை முதுகிற் சுமப்பர். எஞ்சிய களையைப் பிடுங்கவும், பயிர் செத்த இடத்தை நிரப்பவும், வரம்பு துப்புரவாக்கவும் நாட்கூலிக்கு இறங்குவோரிற் பலர் பெண்கள். அவர்களிற் சிலர் கருவுற்றிருப்பர். கருவுற்றிருப்பதைத் தாமே அறியாதோரும் அவர்களுள் இருப்பர்.

கருப்பை பாதுகாப்பான அரண் என்று தமிழ்மரபு ஒருபோதும் மயங்கியதில்லை. மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் மாதம் மாதமாகக் கரு எவ்வெவ்விடர்களுக்குத் தப்பிப் பிழைக்கிறது என வரிசைப்படுத்துகிறது. திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக்கிரியை என ஒரு பகுதியே உண்டு. நவீன மருத்துவமோ நெடுங்காலம் மறுதலையாக எண்ணியிருந்தது. சூல்வித்தகம் ஒரு மதில், தாயை வருத்தாத பொருள் சேயையும் வருத்தாது என்ற நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மருத்துவரிடையே நிலவியது. (தம்பலகாமக் குடாவில் முன்னாளில் முத்துக்காகக் குளிக்கப்பட்ட தட்டைச் சிப்பியின் விஞ்ஞானப் பெயர் பிளக்குனா பிளசென்டா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னெல் அதனை ஆராய்ந்து எழுதினார். சூல்வித்தகத்துக்கும் அச்சிப்பிக்கும் ஒரே இலத்தீன் பெயர் வாய்த்தது தட்டையான வடிவத்தால் மட்டுமே. ஆயினும் இரண்டும் தம்மைச் சூழ்ந்த நீரில் உள்ளதை உள்வாங்குபவை.)

1965 முதல் 1968 வரை அமெரிக்காவில் பயோனெட்டிக்ஸ் என்னும் ஆய்வுகூடம், தேசிய புற்றுநோய் நிலையத்தின் வேண்டுகோளின்பேரில், பல பீடைகொல்லிகளைச் சோதித்தது. அவற்றுள் 2,4,5-ரி என்ற களைகொல்லியும் ஒன்று. சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய இருபது நாள். உறுப்புகள் உருவாகும் ஆறாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை இப்பொருள் கொடுக்கப்பட்டபோது, பிறக்கவிருந்த குட்டிகளில் அண்ணம் பிளந்திருந்தது. சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் காணப்பட்டன. அதே காலத்தில் இப்பொருளை 2,4-டி என்பதோடு சமமாகக் கலந்து, ஏஜென்ட் ஒரேஞ்ச் என்ற பெயரில், வியட்நாமின் காடுகள்மீதும் பயிர்கள்மீதும் விமானங்கள் பொழிந்துகொண்டிருந்தன. சுண்டெலிகளின் சாட்சியம் 1969இன் பிற்பகுதியிலேதான் பொதுமக்கள் செவிக்கு எட்டியது. 1970இல் அமெரிக்க அரசு அப்பொருளின் உள்நாட்டுப் பாவனையிற் பலவற்றைத் தடுத்தது. ஏஜென்ட் ஒரேஞ்சின் பாவனையும் அவ்வாண்டே நிறுத்தப்பட்டது. எஞ்சிய பாவனைகள் யாவும் முற்றாக நீங்க 1985 ஆயிற்று. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் வாதாடப்பட்டது எதுவெனில், குற்றம் 2,4,5-ரியினுடையதா, உற்பத்தியின்போது அதனுட் கலந்துவிடும் டையொக்சின் என்ற மாசினுடையதா என்பதே. சோதிக்கப்பட்ட மாதிரியில் அம்மாசு பத்துலட்சத்தில் ஏறக்குறைய முப்பது பங்கு இருந்தது மெய். மாசு பெரிதும் குறைக்கப்பட்ட மாதிரியும் உயர்ந்த அளவிற் கொடுக்கப்பட்டபோது சுண்டெலிக் குட்டிகளின் அண்ணத்தைப் பிளந்தது என்பதும் மெய். இரசாயனவியலாருக்கு இவ்வேறுபாடு பெறுமதி வாய்ந்தது. ஒரே தாங்கியிலிருந்து இரண்டையும் சேர்த்தே சுவாசிக்கும் தாய்க்கு அது என்ன பெறுமதி உடையது?

நைற்றோபென் என்ற மற்றொரு களைகொல்லியின் கதை இன்னும் துலக்கமானது. நெல்லுக்கும் மரக்கறிப் பயிர்களுக்கும் அது பயன்பட்டது. கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது தாய் எலி நலமாகவே தோன்றியது. குட்டிகளோ பிரிமென்றகட்டில் துளையோடு பிறந்தன. குடல் நெஞ்சறைக்குள் ஏற, நுரையீரல் வளராது சிறுத்து, பிறந்ததும் மூச்சின்றி இறந்தன. தாயை வருத்தாதது சேயையும் வருத்தாது என்ற பழைய நம்பிக்கைக்கு இதனிலும் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. 1980இல் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. 2002இல் ஜேர்மனியில், முன்னர் பீடைகொல்லிக் களஞ்சியமாக இருந்த ஒரு கட்டடத்தில் வைக்கப்பட்ட தானியத்தின் வழியாக அது மீண்டும் தலைகாட்டிப் பெருங்கலக்கம் விளைத்தது. அதுவும் நஞ்சின்றி விளைந்ததெனச் சான்று பெற்ற தானியம். இன்று நைற்றோபென் வயல்களில் இல்லை, ஆய்வுகூடங்களில் இருக்கிறது. பிரிமென்றகட்டுக் குறையோடு பிறக்கும் மனிதக் குழந்தைகளைக் காப்பாற்றும் வழி தேடும் மருத்துவர்கள், அக்குறையை எலியில் வேண்டுமென்றே உண்டாக்குவதற்கு அதனையே பயன்படுத்துகின்றனர். இந்நோயைப் பொறுத்தமட்டில் எலி மனிதனுக்கு ஒப்பானது என அவர்கள் கொள்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும் எதிர்வாதத்தை வலுவிழந்ததாகக் காட்டி வெல்வது நேர்மையன்று. எலி மனிதனல்லன் என்ற கூற்றில் உண்மையுண்டு. கோட்டிசோன் என்ற மருந்து சுண்டெலிகளில் அண்ணத்தை எளிதிற் பிளக்கும் என்பது 1951இலேயே காட்டப்பட்டது. மனிதரில் அவ்வளவு கடுமையான விளைவு காணப்படவில்லை. சுண்டெலியின் அண்ணம் இலகுவில் தவறும் இயல்பினது. ஆகவே சுண்டெலி கூறும் ஒவ்வொன்றையும் மனிதனுக்கு அப்படியே பொருத்துதல் பிழை. ஆனால் இப்பிழை ஒருதிசைப்பட்டதன்று. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற உறக்க மருந்து 1961இன் இறுதியில் மீளப்பெறப்படுவதற்குள், பல நாடுகளில் ஏறக்குறைய பதினாயிரம் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. அம்மருந்தைச் சுண்டெலி பெரும்பாலும் தாங்கிக்கொண்டது. முயலும் குரங்கும் தாங்கவில்லை. ஆக, சுண்டெலி சில வேளை இல்லாத ஆபத்தைக் கூறும். சில வேளை உள்ள ஆபத்தை மறைக்கும். எலி மனிதனல்லன் என்போர் முதலாவதை மட்டுமே எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றனர்.

இங்கே ஓர் ஒழுங்கீனம் வெளிப்படுகிறது. ஒரு களைகொல்லி சந்தைக்கு வருமுன் அதன் பாதுகாப்பான அளவு எது என நிர்ணயிக்கப்படுவது பெரும்பாலும் எலி, சுண்டெலி, முயல் ஆகியவற்றின் உடல்களிலேயே. விலங்கில் தீங்கு தோன்றாத அளவைக் கண்டு, அதனை நூறு போன்றதோர் எண்ணால் வகுத்து, இவ்வளவு மனிதனுக்குத் தீங்கில்லை என அறிவிக்கின்றனர். அவ்வேளையில் எலியின் சாட்சியம் ஏற்கப்படுகிறது. அதே எலி பாதகமாகச் சாட்சி கூறுமிடத்து, எலி வேறு மனிதன் வேறு என்று மறுக்கப்படுகிறது. ஒரே சாட்சியைத் தனக்குச் சாதகமாகப் பேசும்போது உண்மையானவன் என்றும், பாதகமாகப் பேசும்போது பொய்யன் என்றும் கூறும் வழக்கறிஞரை எந்த நீதிபதி பொறுப்பார்? மேலும் அச்சாட்சி தன் உயிரையும் தன் குட்டிகளின் உயிரையும் கொடுத்தே சாட்சி பகர்ந்தது. உயிர்க்கொலையை மறுக்கும் சமயநெறிகளிற் பயின்றோர் விலங்குச் சோதனையையே ஏற்காமல் விடலாம். அது ஒரு நிலைப்பாடு. மனித நலனுக்காக அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொரு நிலைப்பாடு. கொன்றபின் கிடைத்த அறிவைக் கேளாமல் விடுவதற்கோ எந்த நிலைப்பாட்டிலும் இடமில்லை.

2002இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இவ்வினாவை மேலும் சிக்கலாக்குகிறது. புற்றரைகளுக்குத் தெளிக்கப்படும் ஒரு களைகொல்லிக் கலவையை அவர்கள் கர்ப்பிணிச் சுண்டெலிகளின் குடிநீரிற் கலந்தனர். 2,4-டி, மெக்கோப்புரொப், டைக்கம்பா ஆகிய மூன்றும் அதிலிருந்தன. அளவுகள் மிகத் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுவரை வேறுபட்டன. அண்ணப் பிளவு முதலிய குறைகளைத் தேடும் பழைய ஆய்வுகளைப் போலன்றி, இங்கே முதன்மையாக எண்ணப்பட்டது குட்டிகளின் தொகை. தொகை குறைந்தது. வியப்பு யாதெனில், அக்குறைவு உயர்ந்த அளவிலன்றி, தாழ்ந்த அளவிலேயே கூடுதலாக இருந்தது. பிறந்த குட்டிகளின் நிறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. முளையங்கள் கருப்பைச் சுவரிற் பதிந்த இடங்களே தாழ்ந்த அளவுகளிற் குறைந்திருந்தன. பருவகாலமும் முடிவுகளைப் பாதித்ததாகத் தோன்றியதென ஆய்வாளரே குறிப்பிட்டனர். ஒரேயோர் ஆய்வைக் கொண்டு, அதுவும் இத்தகைய முரணான வளைகோட்டைக் கொண்டு, சட்டம் இயற்ற முடியாது என்பார் கூற்று நியாயமானதே. குடிநீரின் வழியாக மிகச் சிறிதளவில் நிகழ்வதே முக்கியமாக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையைக் குளத்து நீரைக் குடிக்கும் ஒரு மாவட்டம் அசட்டை செய்வதும் நியாயமன்று.

ஆயினும் இச்சோதனை அறவியலுக்கு விடுக்கும் வினா வேறானது. பிளந்த அண்ணத்தோடு ஒரு குழந்தை பிறந்தால், இதோ தீங்குற்றவர் எனக் காட்டலாம். கருப்பையிற் பதியாமலே போன முளையத்தைக் காட்டுவது எங்ஙனம்? அதற்கு உடலில்லை, பெயரில்லை, இறப்புப் பதிவில்லை. தனக்குத் தீங்கிழைக்கப்பட்டது என்று கூற ஒருவரும் தோன்றவேயில்லை. ஆங்கில மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிற் 1984இல் வெளியிட்ட நூலில் இதற்கு அண்மையானதொரு புதிரை எழுப்பினார். ஒரு செயலால் எவருடைய நிலையும் முன்னிலும் கீழாகவில்லையெனில், அச்செயல் எவருக்குத் தீங்கானது என்பதே அப்புதிரின் சாரம். பிறவாதவருக்கு முன்னைய நிலை என ஒன்றில்லை. ஆகவே தீங்குமில்லை என்று தருக்கம் முடிந்துவிடக்கூடும்.

இத்தருக்கம் தேடவேண்டிய இடத்தில் தேடவில்லை. சுண்டெலிகளில் அவ்விழப்பு எங்கே கண்டறியப்பட்டது? தாயின் கருப்பையில். பதிந்த இடங்களின் வடுவை அங்கேதான் எண்ணினர். அதாவது இழப்பு பதிவானது தாயின் உடலில், இழந்தவள் அவள். குழந்தைக்காக ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்து, கோயில்தோறும் பள்ளிவாசல்தோறும் நேர்ந்துவிட்டு, மாதந்தோறும் ஏமாறும் பெண்ணிடம் சென்று, தீங்குற்றவர் எவருமில்லை என்று கூறுதல் இயலுமா? அவளுக்கு நேர்ந்தது இன்னதென அவளே அறியமாட்டாள். நாள் சில தள்ளிப்போயிற்று என்பதற்குமேல் அதற்குப் பெயருமில்லை. மலடி என்ற சொல்லை மட்டும் ஊர் ஆயத்தமாக வைத்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் சாவு கணக்கிடப்படும்; தெரியாதது கணக்கிடப்படாது. பராகுவற் என்ற களைகொல்லியை அருந்தி உயிர்மாய்த்தோர் இலங்கையின் ஆஸ்பத்திரி விடுதிகளிற் கிடந்து இறந்தனர், மருத்துவர் எண்ணினர், 2008 முதல் 2011 வரையான காலத்தில் அது படிப்படியாக நிறுத்தப்பட்டது, அத்தகைய மரணங்களும் குறைந்தன. செம்மையான தீர்மானம் அது. கருவுக்கு நேரும் கேட்டுக்கு அத்தகைய விடுதியில்லை. ஆகையால் கருவின் பொருட்டுச் சுண்டெலியைத் தவிர வேறு சாட்சி கிடைப்பது அரிது. மனிதரில் நிரூபணம் வேண்டும் என்பவர் தாம் கோருவது யாது எனச் சிந்திக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நஞ்சூட்டிச் சோதிக்க எவரும் துணியார். எஞ்சியுள்ள ஒரே வழி, வயல்களில் அது தெளிக்கப்படுவதை அனுமதித்து, குழந்தைகள் குறையோடு பிறக்கும்வரை காத்திருந்து எண்ணுவதே. "நிரூபியுங்கள்" என்ற சொல்லின் உள்ளீடு அதுவாயின், சோதனை நடைபெற்றுக்கொண்டேயிருக்கிறது, எலிகள்தான் மாறிவிட்டன.

அப்படியாயின் ஐயம் தோன்றியவுடன் தடைசெய்துவிடலாமா? இந்நாட்டின் அண்மைக்கால அனுபவம் அவ்விடையையும் எளிதில் ஏற்கவிடாது. வடமத்திய மாகாணத்திலும் திருகோணமலை மாவட்டத்துப் பதவி ஸ்ரீபுரவிலும் உழவரை வாட்டிய, காரணம் துலங்காத சிறுநீரக நோயோடு கிளைபோசேற்றை இணைக்கும் கருதுகோள் 2014இல் வெளியாயிற்று. 2015இல் அக்களைகொல்லி தடைசெய்யப்பட்டது. கருதுகோள் உறுதிப்படவில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்டது. 2021இல் இரசாயன உரமும் பீடைகொல்லிகளும் ஒருசேர நிறுத்தப்பட்டபோது, முன்னறிவித்தலின்றி வயலில் நின்ற உழவன் நட்டப்பட்டான். அவ்வாண்டு முடியுமுன்னரே அரசு பின்வாங்கிற்று. இவற்றைச் சுட்டிக்காட்டி, முன்னெச்சரிக்கை என்பதே மூடத்தனம் என்பாரும் உளர். அது மிகைக்கூற்று. ஆனால் அவர்கள் கூறாத ஒன்று இன்னும் கூர்மையானது. களைகொல்லி இல்லாத வயலில் களை பிடுங்குபவர் யார்? அதே பெண்தான். முழங்கால் நீரில், குனிந்த முதுகோடு, நாள் முழுவதும். வயற்சேற்றில் எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் 2008இல் இந்நாட்டில் பெருமளவிற் பரவியதை மறத்தலாகாது. அதுவும் கர்ப்பிணிக்குக் கேடானதே. ஐயத்தின் பலனைப் போத்தலுக்குக் கொடாமல் விட்டதனால் மட்டும் அது அவளைச் சென்றடைந்துவிடாது.

இடைவழியாக வழமையிற் கூறப்படுவது, கர்ப்பிணிகள் மருந்தடித்த வயலுக்குச் செல்லலாகாது என்னும் எச்சரிக்கை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இது பயனற்றது. மனித முளையத்தின் உறுப்புகள் உருவாகும் காலம் ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை. அதன் முற்பகுதியில் தாய் அறியாள். பிற்பகுதியில் ஊருக்குச் சொல்லாள். அவள் சொல்லும் காலத்தில் அண்ணமும் இதயமும் பெரும்பாலும் உருவாகி முடிந்திருக்கும். 1986 ஒக்டோபரில் அமெரிக்கா டைனோசெப் என்ற களைகொல்லியை அவசர ஆணையால் நிறுத்தியது. வயலில் வேலைசெய்யும் பெண்களின் பிறவாத குழந்தைகளுக்கு அபாயம் எனக் கருதியே அது செய்யப்பட்டது. முதன்மைச் சான்று முயல்களிலிருந்து கிடைத்தது. கர்ப்பிணிகள் மட்டும் விலகி நிற்கட்டும் என்று போத்தலில் ஒரு வரி அச்சிட்டுவிட்டு அமைதியடையாமல், பொருளையே நிறுத்தியது சரியான தருக்கம். மாற்றுப் பொருள்கள் இருந்தமையால் அத்தீர்மானம் எவரையும் பட்டினியில் விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஐயத்தின் கனம் மட்டுமன்றி, மாற்றின் இருப்பும், இழப்பை யார் சுமப்பார் என்பதும் ஒருங்கே நிறுக்கப்பட வேண்டியவை. 2021இல் தவறியது இந்தப் பின்னிரண்டு.

இலங்கையின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத்தது. பதிவு செய்யப்படாத எதுவும் விற்கப்படலாகாது என்பதும், பதிவாளர் பதிவை மீளப்பெறலாம் என்பதும் அதன் அடிப்படை. அதாவது எதிரிக்கூண்டிலிருப்போனின் உரிமை ஒரு போத்தலுக்குச் சட்டப்படியும் இல்லை. சந்தைக்கு வருதல் அதற்குச் சலுகை மாத்திரமே. கொழும்பிலும் பேராதனையிலும் தீர்மானிக்கப்படுபவை ஒருபுறமிருக்க, ஒவ்வொரு போகத்துக்கும் முன் கந்தளாய் போன்ற குளங்களின்கீழ் உழவர் கூட்டம் கூடுகிறது. குளம் எந்நாள் திறக்கப்படும், விதைப்பு எந்நாள் முடியவேண்டும், மாடுகள் எந்நாளுக்குள் வெளியேற்றப்படவேண்டும் என்பன அங்கே முடிவாகின்றன. மருந்தடிக்கும் நாட்களையும், அதன்பின் எத்தனை நாள் அவ்வயலில் எவரும் கூலிக்கு இறங்கலாகாது என்பதையும், அந்நாட்களின் கூலியை நிலக்காரர் எவ்வாறு பகிர்ந்து கொடுப்பர் என்பதையும், வடிநீரை எப்போது மறிப்பது என்பதையும் அதே கூட்டத்தில் வகுத்துக்கொள்ளத் தடையேதுமில்லை. கர்ப்பிணி என்று ஒருத்தி தன்னை அறிவிக்கவேண்டிய தேவையும் அப்போது எழாது. ஆனால் அக்கூட்டத்தில் வாக்கு நிலமுடையோருக்கும் குத்தகை செய்வோருக்கும் உரியது. களைபிடுங்க வருபவளுக்கு நிலமில்லை. பெரும்போகக் கூட்டம் நடைபெறும் நாளில் அவள் வேறெங்கோ கூலிக்குப் போயிருப்பாள்.